உடல் கறுப்பு, பார்டர் சிவப்பு!

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவை ஒன்றைப் பிரித்து விரித்தால் சுமார் ஐந்தரை மீட்டர் வரும். (ஒன்பது கஜம் என்றால் எட்டு மீட்டரைத் தாண்டும். மாமிகளுக்கு ஒரு கும்பிடு!) அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 காரின் நீளம் 3.995 மீட்டர். ஆக, மாவட்டத்தின் புடவையைவிட மாவட்டத்தின் கார் ஒன்றரை மீட்டர் சின்னது.

அது என்ன கணக்கு, 3.995? தாராளமாக நாலேகால் மீட்டர் வைத்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

முழுகும் சார். 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஒரு கோடு கிழித்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் அது 'சின்ன கார்'. உற்பத்தி வரி 24 சதவீதத்துக்குப் பதில் 16. அப்புறம் எக்ஸைஸ் போய் ஜி.எஸ்.டி. வந்தது, சதவீதங்கள் மாறின. 4 மீட்டர் கோடு மட்டும் அசையவில்லை. புடவைக்காரர் ஆசைப்பட்டால் முந்தானையை ஒரு சாண் நீட்டலாம். கார்காரர் மூக்கை ஒரு விரல்கூட நீட்ட முடியாது.

வெளியே நீட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே ஜோடிப்பார்கள். அந்தக் காலத்தில் 'ஆப்ஷன்' என்றால் ஏ.சி., கேஸட் பிளேயர், அவ்வளவுதான். இன்றைக்கு ஆப்ஷன் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் மீட்டிங்கே முடிந்துவிடுகிறது. அதிலும் 'ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்' என்று ஒரு ஜாதி உண்டு. உடம்பு சின்னது, துடிப்பு ஜாஸ்தி. கல்யாணத்துக்கு முந்தைய ஆபீஸ் இளைஞர்களைக் குறிவைத்து விடப்பட்ட அம்பு. இந்த வாரம் அதன் உள்ளே கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

* * *

நம்ம மாவட்டத்து ஆசாமியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2021 செப்டம்பரில் ஐ20-க்கு ஒரு ஸ்போர்ட்டி அவதாரம் வந்தது. பெயர், 'என் லைன்'. ஷோரூமில் நடந்த உரையாடல்:

"இது என் லைன் சார்."

"உங்க லைன் எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, காரோட பேர் என்ன?"

"அதான் சார்... என் லைன்!"

இங்கிலீஷ் எழுத்து 'என்'. தென்கொரியாவில் நம்யாங் என்ற இடத்தில் ஹூண்டாயின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு ரேஸ் மைதானம் இருக்கிறது. இரண்டுக்கும் முதல் எழுத்து 'என்'. ஐரோப்பாவில் 'ஐ20 என்' என்று நிஜமான முரட்டுப் பிள்ளை ஒன்று 204 குதிரைசக்தியோடு விற்றது. நமக்கு வந்தது 'என்' அல்ல, 'என் லைன்'. முரட்டுப் பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. 1 லிட்டர் டர்போ என்ஜின், 120 குதிரைசக்தி. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைக்குத் தாராளம். மூங்கில் மண்டபம் சிக்னலுக்கு ரொம்பவே தாராளம்.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரே கறுப்பு. சீட் கறுப்பு, டேஷ்போர்டு கறுப்பு, கதவின் உள்பக்கம் கறுப்பு. அதன் மேல் சீட் ஓரத்திலும் ஸ்டீரியரிங்கிலும் கியர் உறையிலும் சிவப்பு நூல் தையல். ராத்திரியானால் உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம். பெடல்களில் பளபளவென்று உலோகம். காஞ்சிபுரத்துக் கண்ணால் பார்த்தால் உடல் கறுப்பு, பார்டர் சிவப்பு. ஜரிகைக்குப் பதில் பெடல்!

இந்தக் கறுப்பு-சிவப்பு ராசியை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தியது 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்து நின்ற ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முகப்பைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, உள்ளே கறுப்புக் கூரை. ஆனால் சீட் மட்டும் கட்டம் போட்ட துணி! அதை யோசித்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டியவர், சாக்லேட் டப்பாக்களுக்கு டிசைன் போட்டவர், பிறகு ஃபோக்ஸ்வாகனின் துணி, வண்ணம் பிரிவுக்கு வந்தவர். கியர் தலையில் கோல்ஃப் பந்து மாதிரி ஒரு குமிழ் வைக்கச் சொன்னதும் அவர்தான். நம்ம ஊரில் பாலும் பழமும் கட்டம் நெய்கிற எந்த நெசவாளியும் அந்த சீட்டைப் பார்த்தால், "ஓ, கட்டமா?" என்று சாதாரணமாகக் கேட்டிருப்பார். 2025 மே மாதம் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு வந்தது. முதல் தவணை 150 கார்கள். விலை சுமார் 53 லட்சம். கட்டம் அப்படியே இருந்தது. (அந்த விலைக்குப் புடவை எடுத்தால் ஒரு தெருவுக்கே கல்யாணம் நடத்தலாம்.)

* * *

கறுப்பு பார்க்க ஜோர். ஆனால் சித்திரை வைகாசியில் காஞ்சிபுரத்தில் வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு, வெயிலை விருந்தாளி மாதிரி உபசரிக்கும், சீக்கிரத்தில் அனுப்பாது.

சரி, கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டலாமா? கூடாது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. ஆக, காருக்குள் எல்லாம் கறுப்பாக இருக்கலாம், கண்ணாடி மட்டும் கறுப்பாக இருக்கக்கூடாது!

அடுத்தது சீட் உறை. 'லெதரெட்' என்பார்கள். பயந்துவிடாதீர்கள். நம்ம அப்பாக்கள் காலத்து ரெக்ஸினுக்கு ஒண்ணுவிட்ட உறவு, இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது. துடைத்தால் பளிச்சென்று இருக்கும். காபி கொட்டினால் கவலையில்லை. ஆனால் காற்று புகாது. அரை மணி நேரம் ஓட்டி இறங்கினால் சட்டையின் முதுகில் தமிழ்நாடு மேப். துணி சீட்டு சுமாராகத்தான் தெரியும். ஆனால் நம்ம சீதோஷ்ணத்துக்கு அது தர்மவான்.

இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் 'வென்டிலேட்டட் சீட்'. சீட்டுக்குள் குட்டி மின்விசிறி. உறையில் பொடிப் பொடி ஓட்டை. அது வழியே முதுகுக்குக் காற்று. 2024 ஜூனில் டாடா விட்ட ஆல்ட்ராஸ் ரேஸரின் மேல் வேரியன்ட்டில் முன்சீட் இரண்டுக்கும் இதைக் கொடுத்தார்கள். ரேஸ் காரில் விசிறி எதற்கு என்று சிரித்தவர்கள், மே மாதம் ஓட்டிப் பார்த்ததும் சிரிப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

சன்ரூஃப்? அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறார். 1979, அப்புறம் 2019. பல கார்களில் சன்ரூஃப் திறப்பதும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். கார் வாங்கிய அன்றைக்கு ஒரு தரம். பிறகு மச்சான் குழந்தை அழுதால் ஒரு தரம். பகலில் வெயில், மாலையில் தூசு, மார்கழியில் பனி. 'திற' என்று வாயால் சொன்னால் திறக்கிற வசதிவேறு. 2023-ல் ஹிங்லிஷ் கட்டளைகளும் சேர்த்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளை, அதற்குள் டெல்லி பாஷை பழகிவிட்டது!

* * *

என் அக்கா பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இந்த மாதிரி ஒரு காரின் மேல் கண். ஷோரூமுக்குப் போகும்போது என்னையும், வீட்டிலிருந்த என் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனான். பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் 40 வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவருடைய பிள்ளைகள் யாரும் தறிக்கு வரவில்லை. எல்லோரும் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் பல வீடுகளின் கதை அதுதான்.

பெரியப்பா முதலில் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். சிவப்பு நூலை நகத்தால் நெருடினார்.

"கோர்வை இல்லேடா இது. மேலாலே தெச்சிருக்கான்."

(விவரம் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரம் கோர்வையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம், மூன்று நாடா ஓடும். இடது பக்க பார்டருக்குத் தனியாக ஒரு ஆள் உதவிக்கு உட்காருவார். உடலும் கரையும் நூலுக்கு நூல் கோத்துக்கொள்ளும். மேலே தைப்பது அல்ல.)

"தாத்தா, அது ஸ்போர்ட்டி லுக்."

"இருக்கட்டும்டா. நான் உக்காரட்டுமா?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீரியரிங்கைத் தொடவில்லை, ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. முதலில் காலை நீட்டி பெடலை மிதித்தார். சேல்ஸ் தம்பிக்குச் சிரிப்பு.

"குழியிலே எறங்கினா மொதல்லே கால், அப்புறம் கை. கண்ணு கடைசி. கால் எட்டலேன்னா முதுகு போகும். எனக்குப் போன மாதிரி" என்றார் பெரியப்பா.

ஒரு வரியில் சொல்லிவிட்டார். கார் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்வதும் இதைத்தான். குழித்தறியில் கால் குழிக்குள் மிதியில், கை நாடாவில், கண் நூலில். முதுகுக்கு மட்டும் எந்த ஆதாரமும் கிடையாது. அந்த ஆதாரத்தைத்தான் காரில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆகவே ஷோரூமில் பெரியப்பா முறைப்படியே பாருங்கள்.

கால்: கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைப்பாக நீண்டால் சீட்டை முன்னே தள்ளுங்கள். ஆட்டோமேடிக் என்றால் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

கை: முதுகு சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீரியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஸ்டீரியரிங் மேலே கீழே மட்டும் நகருமா, உங்களை நோக்கி முன்னே பின்னேயும் வருமா என்று கேளுங்கள். இரண்டும் நகர்ந்தால் உத்தமம்.

கழுத்து: ஹெட்ரெஸ்ட்டின் உச்சி, உங்கள் தலை உச்சிக்குச் சமமாக வர வேண்டும். அது சாய்ந்து தூங்குவதற்கு அல்ல. பின்னால் ஒருவர் வந்து இடித்தால் கழுத்து ஒடியாமல் காப்பதற்கு.

கண்: சீட்டை உயர்த்தும் வசதி இருக்கிறதா? குள்ளமானவர்களுக்கு அது சன்ரூஃபைவிடப் பத்து மடங்கு உசத்தி. ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்கக் கையால் தடவித் திருகும் குமிழ் இருக்கிறதா, எல்லாமே தொடுதிரைக்குள் போய்விட்டதா? ஓட்டும்போது கண் ரோட்டில் இருக்க வேண்டும் சார். குமிழைக் கை பார்த்துக்கொள்ளும். ஸ்கிரீனைக் கண்தான் பார்க்க வேண்டும்.

இந்த நாலையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஆம்பியன்ட் லைட்டின் நிறத்தைப் பற்றி அரை மணி பேசுகிற நாம் இதற்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை.

* * *

அப்புறம்தான் கதையில் திருப்பம். பெரியப்பா இறங்கி, மெதுவாகப் பின்சீட்டில் ஏறினார். கஷ்டப்பட்டுத்தான் ஏறினார்.

"இங்கே யாருடா உக்காருவா?"

"நீங்கதான் தாத்தா. நீங்க, பாட்டி, அம்மா."

"அப்போ எனக்கு எந்தப் பொத்தான்?"

அக்கா பையன் சேல்ஸ் தம்பியைப் பார்த்தான். சேல்ஸ் தம்பி யோசித்துவிட்டு, "ரியர் ஏ.சி. வென்ட் இருக்குங்க ஐயா" என்றார். பாவம், உண்மையைத்தான் சொன்னார். ஸ்போர்ட்டி காரில் முக்கால்வாசி ஜோடனை முன்சீட்டுக்குத்தான். சிவப்பு ஸ்டீரியரிங், உலோக பெடல், பெரிய ஸ்கிரீன், விசிறி சீட், எல்லாம் முன்னே. ரோட்டில் நன்றாக ஒட்டி ஓடவேண்டும் என்று சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தின் பலன் முழுக்கப் பின்சீட்டுக்கு. ஸ்பீட் பிரேக்கரில் முன்னே இருப்பவர் 'ஆஹா, கன்ட்ரோல்' என்பார். பின்னே இருப்பவர் 'ஐயோ, இடுப்பு' என்பார்.

இடுப்பாவது தைலத்தில் போகும். அதைவிடப் பெரிய சமாச்சாரம், பெல்ட். 2022 செப்டம்பர் 4-ம் தேதி டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் இறந்தார். உயர்ந்த விலைக் கார்தான். அவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்னது. பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். நம்ம வீடுகளில் புடவை கசங்கும் என்று போடுவதில்லை. ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். பெல்ட் போட்டவருக்குத்தான் ஏர்பேக் ஒழுங்காக உதவும். பெல்ட் அண்ணன், ஏர்பேக் தம்பி.

அந்தத் தம்பியே ஒரு காலத்தில் ஆப்ஷனாகத்தான் வந்தான். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்குக் கட்டாயமானது, புது மாடல்களில் 2021 ஏப்ரலில், பழைய மாடல்களில் 2022 ஜனவரியில். அதுவரை பல கார்களின் கீழ் வேரியன்ட்டில் டிரைவர் பிழைத்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்த மனைவி ஆப்ஷன்! 2023 செப்டம்பரில் ஐ20 என் லைனைத் திருத்தி விட்டபோது 6 ஏர்பேக்கும், ஐந்து சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட்டும் எல்லா வேரியன்ட்டிலும் வந்தன. பின்சீட்டின் நடு ஆசாமிக்கும் சேர்த்து. எனக்குப் பிடித்த 'ஸ்போர்ட்டி' அம்சம் அதுதான்.

* * *

இனி பர்ஸ். 2023-ல் வந்த அந்தத் திருத்திய காரின் ஆரம்ப விலை 9 லட்சத்து 99 ஆயிரம் சொச்சம். செருப்புக் கடை விலை மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். அந்த வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியைத் திருத்தினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். கணக்குப் போடுங்கள். 9.99 லட்சத்துக்கு வரி 1,29,870. 'சும்மா 51,000 தானே சார்' என்று ஆப்ஷன் சேர்த்து 10.50 லட்சம் ஆக்கினால் வரி 1,89,000. 51,000 ரூபாய் ஆப்ஷனுக்கு 59,130 ரூபாய் கூடுதல் வரி! பூவைவிட நார் விலை ஜாஸ்தி.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி., செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. விலை இறங்கியது. ஆனால் 10 லட்சம் கோடு உங்கள் காருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆப்ஷனில் கை வையுங்கள்.

லோன் போட்டால்? 1 லட்சம் ரூபாய் ஆப்ஷன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதம் சுமார் 2,076 ரூபாய். முடிகிறபோது 1,24,500 சொச்சம் கட்டியிருப்பீர்கள். அந்த லட்சம் சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் பின்சீட்டுக் காற்றுக்கும் போனால் தினமும் திரும்ப வரும். வெளிச்சத்துக்கும் கூரைக்கும் போனால், நண்பர்கள் ஏறும்போது மட்டும் திரும்ப வரும். அவர்களும் பெட்ரோலுக்குப் பங்கு கேட்டால் காணாமல் போவார்கள்.

முடிவாக ஒரு யோசனை. கார் பார்க்கப் போகும்போது சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவன் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பான், "மச்சி, எடுத்துடு" என்பான், டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். அம்மாவைக் கூட்டிப் போங்கள். பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நம்ம தெருவிலேயே இருபது நிமிஷம் ஓட்டுங்கள். அவர் முட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கினால் அட்வான்ஸ் கொடுங்கள்.

இருபதாயிரம் ரூபாய்ப் புடவை எடுக்க காந்தி ரோட்டுக்கு அம்மா இல்லாமல் போவோமா? பத்து லட்சத்துக்கு மட்டும் ஏன் சார் தனியாகப் போகிறோம்?